உறவென்றும் பாராமல்

மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பிவிட்டால் களப்பில், அந்த உப்பு ஏரியில், மிதக்கும் குப்பையெல்லாம் கிழக்குக் கரைக்குத்தான் வந்து சேரும். சோடாப் போத்தல், சவர்க்காரக் கடதாசி, அறுந்த நைலோன் வலை, ஒற்றைச் செருப்பு. விடியல் சுபஹுத் தொழுகை முடிந்து பள்ளியால் வந்ததும் முத்தலிபு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்குவார். சேற்றில் நிற்கும் கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையில் கையை விட்டுக் குப்பையை எடுத்து உரப்பையில் போடுவார். இளங்கன்றில் வலை சுற்றியிருந்தால் இழுக்கமாட்டார். இழுத்தால் பட்டை உரிந்துபோகும். குனிந்து நின்று ஒவ்வொரு நூலாகக் கத்தியால் அறுப்பார்.

கரைத்தீவுப் பக்கம் அந்தக் குடியிருப்பு யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்களுடையது. முதலில் ஓலைக் கொட்டில்கள், பிறகு தகரம், இப்போது பெரும்பாலும் கல்வீடுகள். குடியிருப்புக்கு வடக்கே ஒரு தனியார் கம்பனி ஜெட்டி கட்டியிருந்தது. காற்றாலைக் கோபுரங்களின் பாகங்களைத் தட்டைக் கப்பல்களில் கொண்டுவந்து இறக்கும் சிறிய துறை அது. அதைக் கட்டும்போது அங்கே நின்ற பழைய கண்டல்களை வெட்டினார்கள். வெட்டியதற்கு ஈடாகத் தெற்கே புதிதாக நட்டு வளர்க்க வேண்டுமென்பது அவர்களுக்கிருந்த நிபந்தனை. முதல் தடவை நட்டவற்றை ஆடு தின்றது. இரண்டாம் தடவை நட்டவை அழுகின. அதன் பிறகுதான் தில்லையடியிலிருந்து நஸ்ஹா என்ற பிள்ளை கம்பனிக்குச் சுற்றுச்சூழல் அதிகாரியாக வந்தாள். ஊர்ப் பெண்களைக் கூட்டி, கண்டல் காய்களைப் பைகளில் முளைக்கவைத்து, தண்ணீர் ஏறி இறங்கும் உயரம் பார்த்து நடவைத்தாள். காவலுக்கு ஒருவர் வேண்டுமென்றபோது, உப்பளத்தில் வேலைசெய்து கால் வெடித்துப்போயிருந்த முத்தலிபுவின் பெயரைப் பெண்கள் சொன்னார்கள். கம்பனி அவருக்கு ஒரு பச்சைச் சட்டையும் கரையில் ஒரு தகரக் கொட்டிலும் கொடுத்தது.

மூன்றாம் தடவை கண்டல் பிடித்துக்கொண்டது. இப்போது ஆளுக்கு மேலே நின்றது. வேருக்கடியில் இறால் குஞ்சு சேர்ந்தது. நண்டு வந்தது. எங்கேயோ போயிருந்த கொக்குகள் வந்து உட்கார்ந்தன. கம்பனி பேருக்குச் செய்த வேலை என்று யாரும் சொல்ல முடியாது. ஜெட்டியில் ஒரு சொட்டு எண்ணெய் களப்பில் விழுந்தாலும் நஸ்ஹா ஆட்களை இறக்கி அள்ளவைப்பாள்.

விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் தொழில் செய்யும் கம்பனிகள் சுற்றுச்சூழலுக்காகச் செய்யும் வேலையைப் பாராட்டிக் கொழும்பில் ஒரு விருது கொடுக்கிறார்கள். அந்த வருடம் நஸ்ஹா அதற்கு விண்ணப்பித்திருந்தாள். நடுவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தாள். அதிலிருந்து முத்தலிபு காலையும் மாலையும் குப்பை பொறுக்கினார்.

ஒரு பின்னேரம் மஸாஹிர் நொண்டி நொண்டிக் கொட்டிலுக்கு வந்தான். முத்தலிபுவின் ஒரே தங்கச்சி ஜுனைதாவின் புருஷன். கையில் ஈர்க்கில் கோர்த்த ஓரா மீன் நாலைந்து இருந்தது.

"கமறியா மச்சிக்குக் குடுங்க. நல்ல மீன்."

"இருங்க மச்சான். முழங்கால் எப்படி?"

"அதப் பத்தித்தான் கதைக்க வந்தன்." மஸாஹிர் பலகையில் மெதுவாகக் குந்தி, காலை நீட்டி வைத்துக்கொண்டான். காற்றில் கண்டல் இலைகள் சலசலத்தன. அவற்றைக் கையால் காட்டினான்.

"நல்லா வந்திட்டு மச்சான். நான் குறை சொல்லல்ல. இறாலும் இதாலதான் வருது."

"அல்லாஹ்ட கிருபை."

"ஒரு போட் போற அளவு வழி வேணும். அவ்வளவுதான்."

மஸாஹிர் கேட்பது நியாயம் என்று அவருக்குத் தெரியும். கண்டல் நடுவதற்கு முன் மஸாஹிரின் போட் அவன் குசினிக்கு எதிரேதான் கிடக்கும். விடியப் புறத்தில் ஜுனைதா பிளேன்டி ஊற்றிக் கொடுக்க, குடித்துவிட்டு நாலு எட்டில் போட்டில் ஏறுவான். கண்டல் வந்த பிறகு சிறு போட்டுகளுக்கென்று கம்பனி ஜெட்டிக்கு அப்பால் சீமெந்துச் சரிவு கட்டிக் கொடுத்தது. மற்றவர்களுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. மஸாஹிரின் வீடோ கடைசி வீடு. என்ஜினையும் வலையையும் தள்ளுவண்டியில் வைத்து மணல் ரோட்டில் தள்ளிக்கொண்டு போகவேண்டும். சரிவில் பாசி பிடித்திருந்த ஒரு நாள் என்ஜினோடு வழுக்கி விழுந்தான். அன்றைக்குப் போனதுதான் முழங்கால்.

"ஃபாஹிம் இருந்தா தூக்குவான். அவன் இப்ப புத்தளத்தில லொறி ஓடுறான். கிழமையில ஒரு நாள்தான் வாறான். ஜுனைதாதான் ஒரு பக்கம் பிடிச்சித் தூக்குறா. பொம்புள என்ஜின் தூக்குறத ஊரே பாக்குது."

"நான் நஸ்ஹா மிஸ்ஸிட்டக் கேக்கிறன்."

"கேளுங்க. நீங்க கேட்டா செய்வாங்க."

"ஆனா பொறுங்க மச்சான். அவங்க சொல்லும் வரைக்கும் ஒண்ணும் செய்யவாணாம்."

"நான் என்ன செய்யப்போறன்," என்று சிரித்தான் மஸாஹிர். எழும்பும்போது முத்தலிபு கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. போகும் முன் திரும்பி, "நோன்பு முடிய வைப்பம், என்ன? பிள்ளைகள்ட விசயத்தச் சொல்றன்," என்றான். அவன் மகன் ஃபாஹிமுக்கும் முத்தலிபுவின் மகள் பஸீஹாவுக்கும் கலியாணம் பேசி முடித்திருந்தது. பெருநாளைக்குப் பிறகு நிக்காஹ்.

மறுநாள் நஸ்ஹா வந்ததும் முத்தலிபு கேட்டார். அவள் சேற்றில் நிற்கும் நீண்ட சப்பாத்தோடு வரம்பில் நின்று கவனமாகக் கேட்டாள். ஊரில் மூத்த ஆண்களையெல்லாம் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"கேக்கிறது சரிதான் நானா. நடும்போதே நான் யோசிச்சிருக்க வேணும். ஆனா இது இப்ப எங்கட மரம் இல்ல. பாதுகாத்த மரம். ஒரு கொப்பு வெட்டுறதெண்டாலும் வனத் திணைக்களத்து அனுமதி வேணும்."

"எடுக்கேலாதா மிஸ்?"

"எடுக்கலாம். இன்னும் ரெண்டு கிழமைதான், நடுவர்மார் வந்து போகட்டும். அதுக்கு அடுத்த நாளே நான் எழுதுறன். மெனேஜரிட்டயும் கதைக்கிறன். மஸாஹிர் நானாட்டச் சொல்லுங்க, நான் சொன்னதா."

அவள் சொன்னால் செய்வாள் என்று முத்தலிபு நம்பினார். மஸாஹிரிடம் போய் அப்படியே சொன்னார். மஸாஹிர் தலையை ஆட்டினான். ஜுனைதா அடுப்படியிலிருந்து, "அது வரைக்கும் இவர்ட கால் இருக்கோணுமே காக்கா," என்று அண்ணனிடம் சொன்னாள்.

நடுவர்கள் வருவதற்கு முதல்நாள் காலை முத்தலிபு கரைக்கு வந்தபோது வெளிச்சம் ஒரு மாதிரியாகத் தெரிந்தது. எந்த இடத்தில் நின்றாலும் பச்சையாக மறைத்து நிற்கும் வேலியில் ஓர் இடத்தில் களப்புத் தண்ணீர் பளிச்சென்று தெரிந்தது. கிட்டப் போனார். ஒரு போட் அகலத்துக்குக் கண்டல் அடியோடு வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய மரங்கள் இரண்டு பக்கமும் ஒதுக்கி அடுக்கப்பட்டிருந்தன. அடிமரங்களில் சிவப்பாகச் சாறு கசிந்திருந்தது. வழியின் முடிவில், குசினிக்கு எதிரே, முன்பு கிடந்த இடத்தில் மஸாஹிரின் போட் கிடந்தது.

முத்தலிபு அந்தச் சேற்றில் நின்றார். அந்த இடத்து மரங்கள் ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியும். ஒன்று மட்டி ஒட்டிச் சாகக் கிடந்ததை மட்டி சுரண்டிக் காப்பாற்றியிருந்தார். இன்னொன்று புயலில் சாய்ந்ததை முட்டுக்கொடுத்து நிமிர்த்தியிருந்தார். இரண்டு கிழமை. பொறுங்க மச்சான் என்று சொன்னேனே, இரண்டு கிழமை பொறுக்க முடியவில்லையே என்று திரும்பத் திரும்ப நினைத்தார். கோபமா துக்கமா என்று அவருக்கே தெரியவில்லை.

நஸ்ஹாவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கி வந்து பார்த்தவள் தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து நின்றாள்.

"நானா, இத யார் வெட்டினது?"

அவள் குரலில் அதட்டல் இல்லை. அழுகிற மாதிரி இருந்தது. ஆறு வருடமாக அவளும் சேற்றில் நின்றவள்.

"மஸாஹிர்," என்றார் முத்தலிபு.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கு விளங்கியது. நஸ்ஹா அவரைப் பார்த்தாள். "உங்கட மச்சானா?" என்று மெல்லக் கேட்டாள். ஓம் என்று தலையசைத்தார்.

நஸ்ஹா மெனேஜரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. மெனேஜர் பொலிசில் சொல்லாமல் இருக்க முடியாது. நாளைக்கு நடுவர்கள் வருகிறார்கள். வெட்டியது கம்பனிதான் என்று எவராவது சொல்லிவிட்டால் எல்லாம் போய்விடும். மத்தியான லுஹர் தொழுகைக்கு முன்னே பொலிஸ் ஜீப் வந்துவிட்டது.

மஸாஹிர் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தான். பாணும் பழைய மீன் ஆணமும். பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார், யார் வெட்டியதென்று. ஜுனைதா குசினி வாசலில் நின்றாள். அவள் வாயைத் திறந்தபோது மஸாஹிர் திரும்பி, "உள்ள போ," என்றான். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவளிடம் அப்படி ஒரு குரலில் பேசியவனில்லை. வேலிக்கு அப்பால் நின்ற முத்தலிபுவுக்கே அது தூக்கிவாரிப்போட்டது. மஸாஹிர் பொலிஸ்காரரிடம், "மம தமாய் கெபுவே. நான்தான் வெட்டினன்," என்று இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டு, கையைக் கழுவி, ஜீப்பில் ஏறுவதற்கு யாருடைய தோளையோ பிடித்துக்கொண்டான். அது பொலிஸ்காரரின் தோள்.

போட்டையும் வழக்குச் சாமானாகக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்.

அன்று மத்தியானம் வீட்டில் மனைவி கமறியா சோறு போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னீங்களா?"

"ஓம்."

"தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமே."

"பொய் சொல்லச் சொல்றியா? அந்தப் புள்ள என்ன நம்பித்தானே கேட்டது."

"பொய் சொல்லச் சொல்லல்ல. பேசாம இருந்திருக்கலாம் எண்டு சொல்றன். பேசாம இருந்தா யாரும் நாக்க இழுத்தா கேக்கப் போறாங்க?"

முத்தலிபு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பஸீஹா அறைக்குள் தையல் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மெசின் ஓடவில்லை.

"ஜுனைதாவுக்கு வேற யார் இருக்கா சொல்லுங்க," என்றாள் கமறியா.

வேறு யாருமில்லை. ஜுனைதா சின்னப் பிள்ளையாக இருந்தபோதுதான் மன்னாரை விட்டு வந்தார்கள். கற்பிட்டிக் கரையில் வந்திறங்கி, பள்ளிக்கூடத்தில் படுத்து, பிறகு முகாம். முகாமில் உம்மா வயிற்றோட்டத்தில் மௌத்தானார். வாப்பா அதற்கு முன்னமே இல்லை. முத்தலிபு உப்பளத்துக்குப் போய்வந்து சமைத்து அவளுக்கு ஊட்டினார். தலை வாரத் தெரியாமல் வாரிவிட்டார். அவளைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தான் கலியாணம் முடித்தார். மஸாஹிரை மாப்பிள்ளையாகத் தேடிப்பிடித்ததும் அவர்தான். நல்ல மனிசன், கை நீட்டமாட்டான், குடிக்கமாட்டான் என்று நாலு பேரிடம் விசாரித்துக் கொடுத்தார். அந்த விசாரணை பொய்த்ததில்லை.

மறுநாள் நடுவர்கள் வந்தார்கள். ஜெட்டி, எண்ணெய் தேக்கும் தொட்டி, மழைத்தண்ணீர் சேர்க்கும் தாங்கி எல்லாம் பார்த்துவிட்டுக் கண்டலுக்கு வந்தார்கள். அவர்களில் வயதான ஒரு அம்மா பருத்திச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். காய்களைத் தொட்டுப் பார்த்தார். நண்டு வளைகளைக் காட்டி மற்றவர்களுக்கு விளக்கினார். வெட்டிய இடத்தில் நின்று என்னவென்று கேட்டார். மெனேஜர் தயங்கினார். நஸ்ஹா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். வழி கேட்டதையும் தான் பொறுக்கச் சொன்னதையும்கூடச் சொன்னாள். கடைசியில் முத்தலிபுவைக் காட்டி, இவருடைய தங்கச்சி புருஷன்தான், இவரே சொன்னார் என்றாள். அந்த அம்மா முத்தலிபுவிடம் வந்து சேறு படிந்த அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னதை நஸ்ஹா தமிழில் சொன்னாள்: "உங்களப் போல ஆட்கள் இருக்கிறதாலதான் இது நிக்குதாம்."

முத்தலிபுவுக்குக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

மஸாஹிர் பன்னிரண்டு நாள் மறியல் சிறையில் இருந்தான். முத்தலிபு பிணைக்கு ஆள் தேடி ஓடினார். ஆனால் ஃபாஹிம் தன் முதலாளியை வைத்துப் பிணை எடுத்துவிட்டான். மாமா வரத் தேவையில்லை என்று சொல்லியனுப்பினான். வெளியே வந்த மஸாஹிரின் முழங்கால் வீங்கியிருந்தது. சீமெந்துத் தரையில் படுத்ததன் வினை. குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டம் கட்டினான். போட்டை விடுவதற்கு நீதிமன்றத்தில் இன்னொரு தவணை போட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் முத்தலிபு அவனிடம் போனார். மஸாஹிர் கையை நீட்டி முஸாபஹா செய்தான்.

"கால் எப்படி மச்சான்?"

"இருக்கு."

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"நீங்க பொய்யா சொன்னீங்க? என்ட வீட்டாலதானே நடந்தது. விடுங்க." கொஞ்சம் நின்று, "ஜுனைதாட்ட இப்ப வராதீங்க. ஆறட்டும்," என்றான்.

முத்தலிபு அந்தப் பேச்சைக் கேட்டு நடந்தார். காலையில் குப்பை பொறுக்கும்போது அவள் குசினிப் புகை தெரியும். பாத்திரச் சத்தம் கேட்கும். வெட்டிய இடத்துக்கு வரும்போது மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் அவள் வேலியோரம் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுச் சட்டியோடு எழும்பி உள்ளே போனாள். மீன் செதில்கள் மட்டும் மணலில் மினுங்கிக்கொண்டு கிடந்தன. பூனை ஒன்று வந்து அவற்றை நக்கியது.

விருது கம்பனிக்குக் கிடைத்தது. சிறிய துறைமுகங்கள் பிரிவில் முதலிடம். முத்தலிபுவும் மேடைக்கு வரவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள் என்று நஸ்ஹா சந்தோசமாக வந்து சொன்னாள். முத்தலிபு மாட்டேன் என்றார்.

"ஏன் நானா? நீங்க இல்லாம இது என்ன விருது?"

"வீட்டில நிலைம சரியில்ல மிஸ்."

"வாங்க. மெனேஜரும் வாறார். அவர்ட்ட அந்த வழிக் கதையச் சொல்லி முடிக்க எனக்கும் இதுதான் நேரம். நீங்க பக்கத்தில இருந்தா நல்லம்."

அதற்காகத்தான் போனார். கமறியா வெள்ளைச் சட்டையை மடித்துக் கொடுத்தாள்.

கொழும்பில் குளிரூட்டிய பெரிய மண்டபம். வட்ட மேசைகள். விமானத்துக்குச் சாப்பாடு கட்டும் கம்பனி ஒன்று பிளாஸ்டிக் கரண்டிகளை நிறுத்தியதற்காக விருது வாங்கியது. விமானம் கழுவும் தண்ணீரைச் சுத்தமாக்கித் திரும்பப் பாவிக்கும் கம்பனி ஒன்று. கப்பல்களிலிருந்து கழிவெண்ணெய் சேகரிக்கும் கம்பனி ஒன்று. ஒவ்வொருவர் செய்ததும் பெரிய திரையில் படமாக ஓடியது. எல்லாம் நல்ல வேலைதான் என்று முத்தலிபு நினைத்தார். இத்தனை பேர் இப்படியெல்லாம் யோசிக்கிறார்களே என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

அவர்கள் பெயர் வந்தது. திரையில் அவருடைய கண்டல் நின்றது. மேலேயிருந்து எடுத்த படம். பச்சையாக, களப்பின் ஓரத்தில் வளைந்து. நடுவில் ஒரு கோடு வெறுமையாக இருந்தது. மெனேஜரும் நஸ்ஹாவும் முத்தலிபுவும் மேடைக்கு ஏறினார்கள். அறிவிப்பாளர் முதலில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வாசித்தார். பிறகு தமிழில் வாசித்தார்.

"தாம் வளர்த்த கண்டல் காட்டுக்குச் சேதம் விளைவித்தவர் தமது சொந்த உறவினர் என்றும் பாராமல், அவரைச் சட்டத்தின் முன் நிறுத்திய காவலர் ஜனாப் முத்தலிபு அவர்களின் நேர்மைக்கு இச்சபை தலைவணங்குகிறது."

மண்டபம் முழுவதும் எழும்பி நின்று கை தட்டியது. பருத்திச் சேலை கட்டிய அந்த அம்மா முன்வரிசையில் நின்று தட்டினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. முத்தலிபுவின் கழுத்தில் ஒரு பதக்கம் போட்டார்கள். படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னார். முத்தலிபு கூட்டத்தைப் பார்த்தபடி நின்றார். நஸ்ஹா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

திரும்பி வரும் வேன் சிலாபம் தாண்டியது. முன் ஆசனத்திலிருந்த நஸ்ஹா திரும்பினாள்.

"நான் அண்டைக்கு நடுவர்மாரிட்டப் பெருமையாத்தான் சொன்னன் நானா. அவங்க அத எழுதி வாசிப்பாங்க எண்டு அல்லாஹ் அறிய எனக்குத் தெரியாது."

"உங்களில பிழையில்ல மிஸ்."

"வழிக்கு மெனேஜர் ஓம் எண்டிட்டார். திணைக்களத்திலயும் கதைச்சாச்சு. வெட்டின இடத்தையே வழியா விடுறது. கடிதம் வரக் கொஞ்ச நாள் போகும். ஆனா வரும். மஸாஹிர் நானாட்டச் சொல்லுங்க."

அந்த ஒரு செய்தியை மனதில் பிடித்துக்கொண்டு அவர் ஊருக்கு வந்தார். ஆனால் மேடையில் வாசித்தது அவருக்கு முன்னமே வந்திருந்தது. கம்பனி தன் முகநூல் பக்கத்தில் போட்ட வீடியோ எல்லார் கைத்தொலைபேசியிலும் ஓடியிருந்தது. தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் அவரைக் கண்டதும் "வாங்க" என்று எழும்பி இடம் கொடுத்தார்கள். அப்படி அவருக்கு யாரும் எழும்பியதில்லை. சிலர் பாராட்டித்தான் எழும்பினார்கள். சிலர் வேறு மாதிரி எழும்பினார்கள்.

வீட்டில் பஸீஹா வாசலில் நின்றாள்.

"ஜுனைதா மாமியாக்கள் போறாங்க வாப்பா."

"எங்க?"

"மன்னாருக்கு. மஸாஹிர் மாமாட தம்பி அங்க பழைய காணியில வீடு கட்டியிருக்காராம். அவர்ட போட்டில சேந்து தொழில் செய்யலாமாம். நேத்து அந்த வீடியோவப் பாத்த உடனே மாமி சாமான் கட்டத் தொடங்கிட்டா."

"ஃபாஹிம்?"

பஸீஹா உள்ளே போனாள். கமறியாதான் சொன்னாள்: "அவன் வந்து சொல்லிட்டுப் போயிட்டான். உம்மாவ விட்டுட்டு இங்கால வர ஏலாதாம். பஸீஹாவ அங்க கூப்பிடவும் உம்மா விடமாட்டாவாம். நல்லா மரியாதையாத்தான் சொன்னான்."

முத்தலிபு பதக்கத்தைக் கழற்றி அலுமாரியின் மேலே வைத்துவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் நடந்தார்.

ஃபாஹிமின் லொறி மணலில் பின்பக்கமாக நின்றது. கட்டில், அலுமாரி, வலைப் பொதிகள், கோழிக்கூடு எல்லாம் ஏறியிருந்தது. ஃபாஹிம் மேலே நின்று கயிறு இறுக்கினான். மாமாவைக் கண்டு சலாம் சொல்லிவிட்டுக் கயிற்றைத் தொடர்ந்து இறுக்கினான். மஸாஹிர் முன் ஆசனத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"வழி கிடைச்சிட்டு மச்சான்," என்றார் முத்தலிபு. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. "அனுமதி வருது. அதே இடத்தில. மிஸ் சொல்லிட்டா. போகத் தேவையில்ல."

மஸாஹிர் அவரையும் வீட்டு வாசலையும் பார்த்தான். "அவட்டச் சொல்லுங்க," என்றான்.

ஜுனைதா வெறும் வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள். போகிற வீட்டை ஏன் கூட்டுகிறாள் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

"தங்கச்சி, வழி கிடைச்சிட்டு."

"கேட்டிச்சி. வெளியில சொன்னது."

"போட்டும் அடுத்த தவணைக்கு விட்டிருவாங்க. நான் சொன்னதுக்கு நான் வந்து மாப்புக் கேக்கிறன். அவர் பொறுக்காம வெட்டினதில எனக்குக் கோபம் வந்திட்டு. அந்தக் கோபத்தில ..."

"அவர் வெட்டல்ல."

அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"அண்டைக்கு முழங்கால் மடங்கவே இல்ல. கக்கூசுக்குப் போறதுக்கே நான்தான் தாங்கிப் பிடிச்சன். அந்த மனிசன் சேத்தில இறங்கி மரம் வெட்டுவாரா? பொழுதுபட நீங்க மஃரிபுக்குப் பள்ளிக்குப் போன நேரம் நான்தான் வெட்டினன். தண்ணி இறங்கியிருந்திச்சி. அடுக்கி வச்சதும் நான்தான். போட்ட இழுத்திட்டு வந்ததும் நான்தான். அவர் வாணாம் வாணாம் எண்டு வாசலில நிண்டு கத்தினார். பொலிஸ் வந்தப்ப நான் சொல்லத்தான் வாயத் திறந்தன்."

உள்ளே போ என்ற அந்தக் குரல் முத்தலிபுவுக்கு இப்போது விளங்கியது.

"ஏன் புள்ள எனக்குச் சொல்லல்ல?"

"சொல்ல வேணாமெண்டார். காக்காட வேலையும் போகும், மனசும் போகும், நான் போயிட்டு வாறன் எண்டார். பன்னிரண்டு நாள். அந்தக் காலோட." அவள் குரல் உயரவில்லை. "நான் ஒண்டு கேக்கட்டா காக்கா?"

"கேள்."

"வெட்டினது நான் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, அந்தப் புள்ள கேட்டப்ப என்ட பேரச் சொல்லியிருப்பீங்களா?"

முத்தலிபு யோசித்தார். யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை பொய் சொல்லக்கூடாதென்று உண்மையாகவே யோசித்தார். அந்தக் காலையையும், வெட்டிய அடிமரங்களையும், தலைக்கவசத்தோடு நின்ற நஸ்ஹாவையும் நினைத்துப் பார்த்தார்.

"இல்ல," என்றார். "சொல்லியிருக்க மாட்டன்."

"அவர்ட பேர் மட்டும் வந்திச்சே."

அவ்வளவுதான் சொன்னாள். விளக்குமாற்றையும் ஒரு பானையையும் எடுத்துக்கொண்டு அவரைக் கடந்து வெளியே போனாள். கதவைப் பூட்டித் திறப்பை ஃபாஹிமிடம் கொடுத்தாள். மஸாஹிர் ஒதுங்கி இடம்விட, ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவனது நீட்டிய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஃபாஹிம் லொறியை எடுத்தான். சில்லுகள் மணலில் ஒரு தடவை சுற்றிப் பிடித்துக்கொண்டன. முத்தலிபு பக்கத்திலேயே நடந்தார். ரோட்டில் ஏறும் இடத்தில் லொறி மெதுவானபோது, "அஸ்ஸலாமு அலைக்கும்," என்றார்.

மஸாஹிர் கையை நெஞ்சில் வைத்துப் பதில் சொன்னான். ஜுனைதா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் சொன்னாலும் சலாமுக்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாது.

"வஅலைக்குமுஸ்ஸலாம்," என்றாள், தெருவால் போகிற யாருக்கோ சொல்வதுபோல. லொறி ரோட்டில் ஏறியது.